மட்கார்டில் மாட்டிய கேரியர்

"அம்மா, வேற மந்திரம் குடுங்க. இது கேக்க மாட்டேங்குது."

பரமார்த்தலிங்கம் எடுத்த எடுப்பிலேயே இப்படிச் சொன்னார். வணக்கம்கூட இல்லை.

வடிவம்மா கஞ்சிப் பானையின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்கு நாற்பது வயது. பரமார்த்தலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு. குருவுக்கு வயதா பார்ப்பார்கள்? வடிவம்மா ஒரு காலத்தில் உப்பு வாரியவர், இன்று அதே உப்பளத்தை ஒட்டிய சங்குத்துறை மடத்துக்குப் பெரியவர். சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் அவரை அம்மா என்பார்.

"மந்திரம் என்ன மாத்திரையா அண்ணாச்சி, ஒண்ணு கேக்கலைன்னா இன்னொண்ணு எழுதித் தர?"

"மூணு வருசமா நாள் தவறாம ஆயிரத்தெட்டு சொல்லுதேன். கண்ணை மூடினா கோமுதான் வந்து நிக்கா."

கோமு அவருடைய ஒரே மகள். பத்தொன்பது வயதில் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் அம்மாக்காரி சந்தனமாரி. "கசாயத்துக்குக் கேக்கும், சும்மா இரு" என்று மூன்று நாள் தடுத்தவர் இவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வீட்டை விட்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

தடுத்தது தப்பு என்று மனைவியிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வடிவம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அது சுலபம். வடிவம்மா கோமுவைப் பெற்றவர் இல்லையே.

"இன்னைக்கு என்ன புதுசா?"

"சந்தனமாரி ஆள் அனுப்பியிருக்கா. வீட்டைக் காலி பண்ணிட்டாளாம். நாலு மணி பஸ்ஸுல அவ அண்ணன்கூட பம்பாய்க்குக் கிளம்புதா. இனி இந்தப் பக்கமே வர மாட்டாளாம். ஏதும் சொல்லணும்னா பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லியிருக்கா."

"போறீங்களா?"

"அங்க போய் அவ முன்னால நிக்க எனக்குத் தெம்பு இல்லம்மா. அதான் கேக்கேன். கொஞ்சம் பலமான மந்திரமா குடுங்க."

வடிவம்மா சுவரோரம் கையைக் காட்டினார். மடத்துச் சைக்கிள் நின்றது. பக்கத்தில் யாரோ ஒரு பக்தர் வாங்கித் தந்த புது முன் கேரியர் கிடந்தது.

"முதல்ல அதை மாட்டுங்க. தண்ணி போகணும்."

அது மடத்து வழக்கம். உப்பளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் நிற்கும், குடிக்க ஒரு வாய் கிடையாது. தினமும் மத்தியானத்துக்கு மேல் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மடத்திலிருந்து கஞ்சியும் குடிதண்ணீரும் போகும். கஞ்சி சைக்கிளின் பின் கேரியரில். தண்ணீர் கேனுக்குத்தான் சைக்கிளில் இதுவரை இடமில்லை, யாராவது தோளில் சுமப்பார்கள்.

பரமார்த்தலிங்கம் முப்பது வருடம் ஜவுளிக்கடையில் இருந்தவர். எதைச் செய்தாலும் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் அவருக்கு.

கேரியரோடு இரண்டு நீளக் கம்பிக் கால்கள் வந்திருந்தன. கீழே, முன் சக்கரத்தின் அச்சில் மாட்ட வேண்டியவை. அதற்கு அச்சு நட்டைக் கழற்ற வேண்டும். நட்டோ உப்புக் காற்றில் துருவேறி இறுகிக் கிடந்தது.

ஸ்பேனரை வைத்து ஒரு தடவை திருகினார். அசையவில்லை.

மறு தடவை திருகவில்லை.

கால்களைச் சுவரில் சாத்தினார். மட்கார்டில் ஆணியை வைத்து அடித்து இரண்டு ஓட்டை போட்டார். கேரியரை அதன் மேலேயே வைத்துப் போல்ட்டை முறுக்கினார். துணியால் துடைத்தார். தள்ளி நின்று பார்த்தார். கம்பெனியிலிருந்தே அப்படி வந்த மாதிரி இருந்தது.

"முடிஞ்சுதும்மா."

வடிவம்மா இருபது லிட்டர் கேனைத் தூக்கிக் கேரியரில் வைத்தார்.

மட்கார்டு அப்படியே அமுங்கி டயர் மேல் உட்கார்ந்தது.

"தள்ளுங்க."

தள்ளினார். சக்கரம் சுற்றவில்லை.

"பாதித் தண்ணியை எடுத்துருவோம்மா."

எடுத்தார்கள். அப்போதும் உரசியது.

இன்னும் பாதியை எடுத்தார்கள். அதற்கும் உரசியது.

"மட்கார்டு சரியில்லம்மா. வெறும் மெல்லிசுத் தகரம். நல்ல கெட்டியா ஒண்ணு வாங்கணும்."

"மட்கார்டு எதுக்கு அண்ணாச்சி இருக்கு?"

"சேறு தெறிக்காம இருக்க."

"தெறிக்குதா?"

"இல்ல."

"அப்போ அது அதோட வேலையை ஒழுங்காத்தான செய்யுது. பாவம், அதை எதுக்கு ஏசுதீங்க?"

பரமார்த்தலிங்கம் சுவரில் சாத்தியிருந்த கம்பிக் கால்களைப் பார்த்தார்.

"நட்டு வர மாட்டேங்குதும்மா."

"எத்தனை தடவை திருகினீங்க?"

பொய் சொல்லலாம்தான். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"ஒரு தடவை."

வடிவம்மா மண்ணெண்ணெய் பாட்டிலை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பரமார்த்தலிங்கம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நட்டில் எண்ணெய் விட்டார், பொறுத்தார், திருகினார். ஸ்பேனர் வழுக்கி விரல் மூட்டில் தோல் உரிந்தது. மறுபடியும் விட்டார், மறுபடியும் திருகினார். வேட்டியெல்லாம் கறுப்பு. உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மந்திரமா வசவா என்று அவருக்கே தெரியாது.

ஒரு மணி நேரம் போனது. கீச்சென்று சத்தம் போட்டு நட்டு இளகியது.

அவர் அழுதுவிட்டார். ஒரு நட்டுக்காக மனுசன் இப்படியா அழுவான்!

மறு பக்கத்து நட்டு பாக்கி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் இளக்கினார். இரண்டு கால்களையும் அச்சில் மாட்டி முறுக்கினார்.

வடிவம்மா வெளியே வந்தபோது அவர் மட்கார்டுப் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அது கிடக்கட்டும் அண்ணாச்சி. கேரியர் ஆடாமப் பிடிச்சுக்கிடும். கனத்தை மட்டும் அது தலையில வைக்காதீங்க."

கேனை நிறைத்து வைத்தார்கள். ஹேண்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தித் தள்ளினார்.

சக்கரம் சுற்றியது.

"கனக்குதா?"

"நல்லாக் கனக்குதும்மா."

"கனக்கத்தான் செய்யும். தண்ணியையும் கஞ்சியையும் உப்பளத்துல இறக்கிட்டு, அப்படியே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டிட்டுப் போங்க."

"அம்மா…"

"மணி மூணு ஆயிட்டு."

சந்தனமாரி பஸ் ஸ்டாண்டில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் இரண்டு பை. அவள் அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார்.

பரமார்த்தலிங்கத்தைப் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். உரிந்த விரலைப் பார்த்தாள்.

வரும் வழியெல்லாம் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"நீ சொன்ன அன்னைக்கே போயிருக்கணும், மாரி. நான்தான் தடுத்தேன். நான்தான் அவளைக் கொன்னுட்டேன்."

சந்தனமாரி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினாள். உடம்பு குலுங்கியது.

அவர் தலை குனிந்து நின்றார். ஏசட்டும், நாலு பேர் பார்க்க ஏசட்டும் என்றுதான் வந்திருந்தார்.

பஸ் வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள்.

"காய்ச்சல் வந்த மூணாம் நாள் விடியக்காலம் கோமு கடைசியா அம்மான்னு கூப்பிட்டா" என்றாள் சந்தனமாரி. "எனக்குக் கேட்டுச்சுங்க. அசதியில நான் எந்திரிக்கல."