பஞ்சு நுழையாத புதுக் கூடு

ஏரிக்கரையில் ஓர் ஈச்சமரம் நின்றது. அதன் மட்டைகள் தண்ணீருக்கு மேலே சாய்ந்திருக்கும். மழைக்காலம் நெருங்கினால் போதும், தூக்கணாங்குருவிகள் அங்கே வந்து கூடு கட்ட ஆரம்பித்துவிடும்.

அந்தக் குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி முதலில் பாதிக் கூடுதான் கட்டும். பிறகு சிறகை அடித்துக் கூப்பிடும். பெண் குருவி வந்து பார்க்கும். நாரை அலகால் இழுத்துப் பார்க்கும். தொங்கி ஆடியும் பார்க்கும். பிடித்துப் போனால் அங்கேயே தங்கிவிடும். மீதிக் கூட்டை இரண்டும் சேர்ந்து முடிக்கும்.

பொன்னுரங்கம் என்ற ஆண் குருவிக்கு இந்த வழக்கமே பிடிக்கவில்லை.

“பாதி வீட்டைக் காட்டிப் பொண்ணு கேக்கறதா? மானக்கேடு! நான் முழுசா முடிச்சிட்டுத்தான் கூப்பிடுவேன்!” என்றது.

சொன்னபடியே செய்தது. பசுங்கோரையாகப் பார்த்துப் பார்த்துக் கிழித்து வந்து பின்னியது. உள்ளே தரையில் ஈரக் களிமண் பூசி, மார்பால் தேய்த்துத் தேய்த்து மினுக்கியது. வாசல் குழலையும் நீளமாக இறக்கி முடித்தது. அந்த மரத்தில் அப்படி ஒரு கூடு அதுவரை தொங்கியதில்லை.

பெண் குருவிகள் வந்தன. சுற்றிப் பார்த்தன. “அம்மாடி, என்ன அழகு!” என்றன. பறந்து போய்விட்டன.

பொன்னுரங்கத்துக்குக் காரணம் விளங்கவில்லை. இன்னும் அழகு பத்தவில்லை என்று நினைத்தது. மீன்கொத்தி உதிர்த்த நீல இறகு ஒன்றைக் கொண்டுவந்து கூட்டின் நடுவிலே செருகி வைத்தது. மறுபடியும் பெண் குருவிகள் வந்தன. “அடடா!” என்றன. மறுபடியும் போய்விட்டன.

அந்த வருஷம் கடைசியாக வந்தவள் தவிட்டம்மா. பெயருக்கு ஏற்றாற்போல் தவிட்டு நிறம். ரொம்பக் கூச்சம். யாராவது குறுக்கே வந்தால் ஒதுங்கி வழிவிட்டுவிடுவாள். அப்படி ஒதுங்கி ஒதுங்கியே, பாதிக் கூடெல்லாம் மற்றவர்களுக்குப் போய்விட்டது. அவளுக்கோ முட்டை இடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

“வீடு எப்படி?” என்று கேட்டது பொன்னுரங்கம்.

“நல்லா இருக்குங்க.”

“ஏதாவது குறை?”

தவிட்டம்மா தரையைக் காலால் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. கால் வழுக்கியது. சொல்லலாமா என்று வாயைத் திறந்தாள். பொன்னுரங்கத்தின் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

“ஒண்ணும் இல்லீங்க,” என்றாள்.

அப்படித்தான் அவள் அந்த வீட்டுக்குக் குடி வந்தாள்.

குடி வந்த அன்றைக்கே இலவம்பஞ்சு கொஞ்சம் அலகில் கவ்விக்கொண்டு வந்தாள். மூலையில் வைத்தாள். அவள் இரை தேடிப் போய்த் திரும்புவதற்குள் பஞ்சைக் காணோம்.

“நான்தான் தூக்கிப் போட்டேன்!” என்றது பொன்னுரங்கம். “பிசுறு பிசுறா ஒட்டுது. வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?”

மறுநாள், காற்று வருகிற பக்கம் ஒரு புல்லைச் செருகினாள். அதையும் உருவிவிட்டது. “பின்னல் கோணலாத் தெரியுது, புள்ள!”

நீல இறகின் காம்பு தூங்கும்போது அவள் விலாவில் குத்தியது. மெல்ல ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தாள். பொன்னுரங்கம் அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தது. கோபப்படவில்லை. “அதுக்கு அதுதான் இடம்,” என்று அன்பாகத்தான் சொன்னது. அன்பாகச் சொன்னதால் தவிட்டம்மாவுக்குப் பதில் பேச இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு நாள் முத்தக்கா வந்தாள். முத்தக்கா அணில். அதே மரத்தின் அடிப் பொந்தில் குடியிருந்தாள்.

“உள்ளே வாங்கக்கா, உக்காருங்க!” என்றது பொன்னுரங்கம்.

முத்தக்கா குழல் வழியே தலையை மட்டும் நீட்டினாள். “வேணாம் தம்பி! என் காலு முழுக்க மண்ணு. உன் வீட்டைப் பார்த்தா மூச்சு விடவே பயமா இருக்கு!”

பொன்னுரங்கம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டது. அன்று முழுக்கப் பாடிக்கொண்டே இருந்தது.

தவிட்டம்மா ஒரு மத்தியானம் முத்தக்காவின் பொந்துக்குப் போனாள். தென்னை நார், கந்தல் துணி, பஞ்சு, காய்ந்த வேப்பிலை எல்லாம் ஒரே குப்பையாகக் கிடந்தது. ஓரமாக உட்கார்ந்தாள். அணில் பிள்ளைகள் அவள் முதுகில் ஏறி விளையாடின. ஒன்று அவள் வாலைக் கடித்தது. அவளுக்குக் கண்ணைச் சொருகியது. அப்படியே தூங்கிப் போனாள்.

எழுந்தபோது முத்தக்கா சிரித்துக்கொண்டு நின்றாள். “ஏ தாயி, அரண்மனையில குடியிருக்கிறவ இங்க வந்தா தூங்குறே?”

“அங்கேயும் தூங்குவேன்க்கா… ஏதாச்சும் கலைஞ்சிடுமோன்னு ஒரு கண்ணு முழிச்சே இருக்கும்.”

சொன்ன பிறகுதான், தான் சொன்னது தவிட்டம்மாவின் காதிலேயே விழுந்தது. உடனே பறந்து வந்துவிட்டாள்.

அடுத்த நாள் விடிந்ததும் முதல் முட்டை இட்டாள்.

வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை. மினுக்கிய தரையில் அது அங்கும் இங்கும் உருண்டது. தவிட்டம்மா சிறகால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஏரிக் காற்று வீசியது. மட்டை ஆடியது. கூடு சுழன்றது. அவள் கால் வழுக்கியது. முட்டை உருண்டு குழல் வாய்க்குப் போனது. அவள் பாய்ந்தாள். எட்டவில்லை.

கீழே தண்ணீரில் ‘டுபுக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பொன்னுரங்கம் கோரை கொண்டுவரப் போயிருந்தது. திரும்பி வந்ததும் விஷயம் தெரிந்தது. குழல் வாயில் தலையை விட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. வட்டம் வட்டமாக அலைதான் போனது. பிறகு திடீரென்று நிமிர்ந்தது.

“அழாதே புள்ள! இப்பவே களிமண் கொண்டுவரேன். வாசல்ல ஒரு வரம்பு கட்டிடறேன். அதுக்கு மேல மின்மினியை ஒட்டறேன். முன்னைவிட அழகா இருக்கும்!”

“வேணாங்க,” என்றாள் தவிட்டம்மா.

பொன்னுரங்கம் திகைத்தது. வேண்டாம் என்று அவள் சொல்லி அது கேட்டதே இல்லை.

“ஏன்? வரம்பு இருந்தா உருளாதே?”

“தரையில குழி இருந்தா உருளாதுங்க. அந்தக் குழியை நான்தான் உக்காந்து உக்காந்து அழுத்தணும். களிமண்ணுல அது முடியாது. பஞ்சும் புல்லும் வேணும்.” அவள் குரல் நடுங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. “வந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல. இது உங்க வீடுங்க. நான் இங்க விருந்தாளியா இருக்கேன். விருந்தாளி போன இடத்துல முட்டை இடமாட்டாங்க. அடுத்த முட்டை நாளைக்கு வந்துடும். நான் எங்கேயாவது ஒரு பழைய கூட்டைத் தேடிப் போறேன்.”

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. அழகு என்று சொல்லிவிட்டுப் போன பெண் குருவிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. இழுத்துப் பார்க்க ஒரு நார் இருந்ததா? பின்னுவதற்கு ஓர் ஓரம் மிச்சம் வைத்ததா? எல்லாவற்றையும் தானே முடித்துவிட்டு, வந்து பார் என்று மட்டும்தானே கூப்பிட்டது!

“போகாதே,” என்றது மெதுவாக. “நான் என்ன செய்யணும், சொல்லு.”

“ஒண்ணும் செய்யாதீங்க. கொஞ்ச நேரம் வெளியே உக்காருங்க.”

ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கஷ்டமான வேலை பொன்னுரங்கத்துக்கு வேறு இல்லை. இருந்தாலும் மட்டை நுனியில் போய் உட்கார்ந்தது.

உள்ளே ‘கிரீச் கிரீச்’ என்று சத்தம் கேட்டது. காய்ந்த களிமண் பெயர்ந்து சில்லு சில்லாகத் தண்ணீரில் விழுந்தது. நீல இறகும் குழல் வழியாக வந்தது. காற்றில் சுற்றிச் சுற்றி இறங்கி ஏரியில் மிதந்தது. பொன்னுரங்கம் எழுந்தது. பிறகு தன் கால்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

பக்கத்து மட்டையிலிருந்த குருவிகளுக்கு வேடிக்கை.

“என்ன மாப்ளே, வீட்டுக்காரி வெளியே தள்ளிட்டாளா?”

“மேஸ்திரி சும்மா உக்காந்திருக்காரே! உடம்பு கிடம்பு சரியில்லையா?”

பொன்னுரங்கம் மட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

தவிட்டம்மா வெளியே வந்தாள். பஞ்சு கொண்டுவந்தாள். பூம்புல் கொண்டுவந்தாள். முத்தக்கா கொடுத்த கந்தலில் ஒரு நூல் கொண்டுவந்தாள். போவதும் வருவதுமாக இருந்தாள். அப்படிப் பறக்கிற தவிட்டம்மாவைப் பொன்னுரங்கம் பார்த்ததே இல்லை. யாருக்கும் ஒதுங்கவில்லை.

பிறகு குழல் வழியாகத் தலை மட்டும் தெரிந்தது.

“ஏங்க! காத்து வர்ற பக்கம் ஒரு கோரை வேணும். உங்க அளவுக்கு எனக்குப் பின்ன வராது. வந்து பின்னித் தர்றீங்களா?”

பொன்னுரங்கம் அம்பு மாதிரி பறந்தது. நீளமான கோரையாக ஒன்று கிழித்து வந்தது.

“இப்படியா?”

“இன்னும் கொஞ்சம் கீழே.”

“கோணலா வருமே?”

“வரட்டுங்க. காத்து அங்கதான் வருது.”

கோணலாகத்தான் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கூட்டுக்கு விலாவில் ஒரு புடைப்பு. இரண்டும் சேர்ந்து முடிச்சைப் போட்டன.

வேலை முடிந்ததும் பொன்னுரங்கம் உள்ளே போனது. மினுக்கு இல்லை, நீலம் இல்லை. புல் வாசனை அடித்தது. பஞ்சு மூக்கில் ஒட்டியது. தும்மல் வந்தது. நடுவே தவிட்டம்மா மார்பை அழுத்திச் சுற்றிச் சுற்றி உட்கார்ந்து ஒரு குழி பண்ணியிருந்தாள். அவள் உடம்புக்குச் சரியான குழி. வேறு யார் செய்தாலும் அந்த அளவு வராது. பொன்னுரங்கம் அதன் ஓரத்தில் சாய்ந்தது. உடம்பு கதகதவென்றது. எழுந்திருக்க மனசே வரவில்லை.

மறுநாள் இரண்டாவது முட்டை வந்தது.

அன்றைக்கும் காற்று விடவில்லை, கூடவே மழையும் பிடித்துக்கொண்டது. மட்டை ஆடியது. கூடு சுழன்றது. பொன்னுரங்கம் பதறிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தது.

முட்டை குழிக்குள் அசையாமல் இருந்தது. அதன்மேல் தவிட்டம்மா இரண்டு கண்ணையும் மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கட்டியவர் எவ்வளவு அழகாக முடித்து வைத்தாலும், அதில் வாழ வந்தவர் கையும் பட்டால்தான் அது வீடாகும்.