பட்டில் பூத்த உப்பு

உப்பள முதலாளி மயிலேறும்பெருமாள் தன் உப்புப் பாத்திகளை ஊருணிக் கரைவரைக்கும் நீட்டிவிட்டார். உப்புத்தண்ணீர் கசிந்து இறங்கியது. ஊருக்குக் குடிக்க இருந்தது அந்த ஒரே ஊருணி. பிள்ளைகளெல்லாம் குடித்துவிட்டு வாந்தி எடுத்தார்கள்.

ஊருணிக் கரையில் கூடிய ஊர்க்கூட்டத்தில் முதலாளி ஒரு கண்ணாடித் தம்ளரில் அந்தத் தண்ணீரைத் தூக்கிக் காட்டினார். “பளிங்கு மாதிரி இருக்கு. இதுல உப்பு எங்கே?”

“குடிச்சுப் பாருங்க முதலாளி,” என்றாள், அவருடைய அளத்தில் உப்பு வாரும் பேச்சித்தாய்.

“நாக்கு ஆளுக்கு ஆள் மாறும். கண்ணுக்குக் காட்டு! காட்டலேன்னா நாளையிலிருந்து ஒருத்தருக்கும் வேலை கிடையாது.”

பேச்சித்தாயின் மகளும் வீட்டில் எழுந்திருக்க மாட்டாமல் கிடந்தாள். ஆனாலும் பேச்சித்தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சரிதான் முதலாளி, நல்ல தண்ணிதான். உங்க சால்வையில தூசி படிஞ்சிருக்கு. இதுலயே அலசித் தரட்டுமா?”

ஊரே பார்க்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? கருநீலப் பட்டுச் சால்வையைக் கழற்றிக் கொடுத்தார். அவள் ஊருணியில் முக்கி எடுத்து, பிழியாமல் வேலியில் விரித்தாள். சித்திரை வெயிலில் அது சீக்கிரமே காய்ந்து விறைத்தது. பட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

“அடிப்பாவி! பட்டெல்லாம் உப்பாக்கிட்டியே!” என்று முதலாளி அலறினார்.

“உப்பா?” என்றாள் பேச்சித்தாய். “எங்க பிள்ளைங்களைக் குடிக்கச் சொன்ன அதே தண்ணிதானே முதலாளி!”

ஊரே சீறி எழுந்தது. பொழுது சாய்வதற்குள் அவர் ஆட்களே கரையோரப் பாத்திகளை மூடினார்கள். ஊருணியில் உப்பு நீங்கும்வரை அவருடைய வண்டிதான் நல்ல தண்ணீர் சுமந்தது.