மடையோரத்தில் அடித்த முளை

திருமேனிநாதன் அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சித்தாயின் மடத்துக்கு வந்தபோது, வழக்கமாகக் கொண்டுவரும் வாழைப்பழச் சீப்பு கையில் இல்லை. ஆபீஸ் ஃபைல் ஒன்றை இடுக்கிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை பத்து மணிக்குள் அதில் அவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். மனுஷன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. வட்டாரப் புள்ளியியல் அதிகாரி. பேச்சித்தாய்க்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. சத்துணவுக்கூடத்தில் பதினெட்டு வருஷம் சமைத்தவர், ஒருநாள் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்து இந்த மடத்தில் உட்கார்ந்துவிட்டார். உபதேசம் என்று யாருக்கும் எதுவும் செய்ததில்லை. ஆனாலும் திருமேனிநாதன் அவரைத்தான் குருவாக வரித்துக்கொண்டார். குருவுக்கு வயசா முக்கியம்?

"அம்மா, ஒரு கேள்வி" என்றார்.

"கேளுங்க சார். அடுப்பப் பாத்துக்கிட்டே கேக்குறேன்."

திருமேனிநாதன் சொன்னார். விளைச்சல் எவ்வளவு என்று கணக்கெடுக்க எல்லா வயலையும் அறுத்து நிறுத்துப் பார்க்க முடியாது. அதனால் சீட்டுக் குலுக்குகிற மாதிரி ஓர் எண் எடுப்பார்கள். அந்த எண் எந்த வயலில் எந்த இடத்தைக் காட்டுகிறதோ, அங்கே நாலு முளை அடித்து, அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டுவார்கள். கயிற்றுக்குள் நிற்கும் நெல்லை அறுத்து, அடித்து, நிறுத்து, அதை வைத்துப் பல ஊர் சேர்ந்த பிர்க்கா முழுவதற்கும் விளைச்சல் எழுதுவார்கள். 'ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்' என்று சொல்லித்தான் அவர் இதை விவசாயிகளுக்குப் புரியவைப்பார். முப்பது வருஷமாக அதே பழமொழி.

இந்த வருஷம் எண் விழுந்த இடம் கடைமடை. ஏரித் தண்ணீர் எட்டியே பார்க்காத இடம். பயிர் பதராக நின்றது. அதை அப்படியே எழுதினால் வறட்சி என்று அறிவிப்பார்கள், நிவாரணமாக மாட்டுக்கு வைக்கோலாவது வரும். ஆனால் மேலிடத்திலிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் விழாவாம். மேடையில் 'சாதனை விளைச்சல்' என்று அறிவிக்கப் போகிறார்களாம். கயிற்றைக் கொஞ்சம் நகர்த்திக் கட்டினால் குடியா முழுகிவிடும் என்று கேட்டார்கள். இவரும் மடையோரமாக நகர்த்திக் கட்டினார். அங்கே நெல் இடுப்புயரம் நின்றது. அந்தக் கணக்குதான் ஃபைலில் இருந்தது.

"நிறுத்ததுல ஒரு கிராம் மாத்தலம்மா. தராசு சுத்தம். எழுதினது சுத்தம். முளை அடிச்ச இடம் மட்டும்தான் தள்ளிப்போச்சு. இது பொய்யா, இல்லையா?"

பேச்சித்தாய் துடுப்பை எடுத்து அவரிடம் நீட்டினார். "மொதல்ல சோறு வெந்துருச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

அன்றைக்கு ஒரு மில்காரர் தன் அறுபதாம் கல்யாணத்துக்காக மடத்தில் அன்னதானம் வைத்திருந்தார். கூட்டம் அதிகம் என்று மடத்துக் காரியஸ்தர் பரமகுரு, நாற்பது கிலோ வேகிற அண்டாவில் அறுபது கிலோ அரிசியைக் கொட்டிவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, மடத்தில் இருப்பது ஒரே அண்டா. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும், அதற்குள் முதல் பந்தி உட்கார்ந்தாக வேண்டும் என்று மில்காரர் வாட்சைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். போட்டோக்காரரும் தயாராக நின்றார்.

"நடுவுல, அடியிலேருந்து எடுங்க சார்" என்று பரமகுரு காதோடு சொன்னார். "அங்கதான் வெந்திருக்கும்."

மேல்சோறு விறைத்துக் கிடப்பது திருமேனிநாதனுக்கும் தெரியத்தான் செய்தது. ஆனால் மணி பதினொன்று ஐம்பது. எல்லார் கண்ணும் அவர் மேல் இருந்தது. துடுப்பை அடிவரைக்கும் விட்டு ஒரு பருக்கை எடுத்து நசுக்கினார். வெண்ணெய் மாதிரி மசிந்தது.

"வெந்துருச்சும்மா."

"சார் சொல்லிட்டாரு, எலையப் போடுங்க" என்றார் பேச்சித்தாய். தானும் போய்ப் பந்தியின் கடைசி இலையில் உட்கார்ந்துகொண்டார்.

பரமகுரு மைக்கைப் பிடித்தார். சோறு பூவாக வெந்திருக்கிறது, கூச்சப்படாமல் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள் என்று மூன்று தடவை சொன்னார். போட்டோ எடுத்தார்கள்.

திருமேனிநாதன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகப் போனார். பந்தியில் நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள். குனிந்த தலை நிமிராமல் மென்றுகொண்டிருந்தார்கள். வாய்க்குள் சோறு நறுக் நறுக்கென்றது.

"என்னண்ணே, சாப்பாடு எப்படி?" என்று ஒரு கரிமூட்டக்காரரைக் கேட்டார்.

"நல்லாருக்குங்கய்யா. எனக்குத்தான் கடவாப்பல்லு ஆடுது, மெல்ல முடியல."

பக்கத்து இலையில் ஒரு பெண் சோற்றை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தாள். "சோத்தக் குத்தம் சொல்லக்கூடாதுய்யா. எனக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல, எறங்க மாட்டேங்குது" என்றாள். அதற்கடுத்தவர், போன வாரம் வந்த காய்ச்சலில் தனக்கு வாய் ருசியே செத்துப்போய்விட்டது என்றார்.

திருமேனிநாதன் வாளியை அங்கேயே வைத்துவிட்டுக் கடைசி இலைக்கு வந்தார்.

"அம்மா, சோறு வேகல."

"நீங்கதான பாத்துச் சொன்னீங்க?"

"நான் எடுத்த பருக்கை வெந்திருந்துச்சு."

"இல்லன்னு யாரு சொன்னா?" என்றார் பேச்சித்தாய். அவர் வாயிலும் நறுக்கென்றது. "வேகலங்குறத என்கிட்ட சொல்லி என்ன சார் பண்றது? திங்குறவங்ககிட்ட சொல்லுங்க."

திருமேனிநாதன் கேட்டும் பரமகுரு மைக்கைத் தரவில்லை. அதற்கு மேல் கெஞ்ச அவருக்கு மனசில்லை. பந்தி நடுவில் போய் நின்று சொன்னார்.

"சோறு வேகலைங்க. வெந்துருச்சுன்னு சொன்னது நான்தான். தப்பு என்னோடது. கொஞ்சம் பொறுத்துக்கங்க, திரும்ப வேகவெச்சுத் தர்றோம்."

அந்தக் கரிமூட்டக்காரர் நிமிர்ந்து, "அதானே பாத்தேன்" என்றார். "அட, உனக்கும் அப்படித்தான் இருந்துச்சா" என்று எதிர் இலைக்காரர் கேட்டார். பந்தி முழுக்கச் சிரிப்பு பரவியது. வயிறு சரியில்லை என்ற பெண் தண்ணீர் குடித்துவிட்டு, "நல்லவேளை சொன்னீக. எல்லாரும் திங்குறாகளே, நமக்கு மட்டும் என்ன நோக்காடோன்னு பயந்துட்டேன்" என்றாள்.

மில்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். பரமகுரு தலையில் கைவைத்து உட்கார்ந்தார். விறைத்த சோற்றை இரண்டாகப் பிரித்து, வெந்நீர் தெளித்து, ஒரு பங்கை மறுபடி அடுப்பில் ஏற்றினார்கள்.

அடுப்படியில் விறகைத் தள்ளிவிட்டபடி பேச்சித்தாய் கேட்டார். "போன வருசமும் முளையத் தள்ளி அடிச்சீங்களோ?"

திருமேனிநாதனுக்கு மறைக்கத் தோன்றவில்லை. "ஆமாம்மா. சோணைமுத்துன்னு ஒருத்தர் வயல்ல எண் விழுந்துச்சு. கடைமடைதான். ஒரு படி நெல்லு தேறாது. அன்னைக்கு அவரு ஊர்லயும் இல்ல. மடையோரத்து வயல்ல அறுத்து எழுதிட்டேன். பிர்க்கா முழுக்க அமோக விளைச்சல்னு பேப்பர்ல வந்துச்சு."

"அதப் பாத்து சோணைமுத்து என்ன சொன்னாரு?"

"என்னத்தச் சொல்லுவாரு? ஊருக்கெல்லாம் வெளஞ்சிருக்கு, நமக்கு மட்டும் பொய்ச்சுப்போச்சேன்னு குமைஞ்சிருக்காரு. மத்த கடைமடைக்காரங்களும் வெக்கப்பட்டுக்கிட்டு வாயத் தெறக்கல. அப்பத்தான் அவரு வீட்டுக்கு மருமக வந்து நாலு மாசம். அந்தப் பொண்ணு கால் வெச்ச நேரம்னு சொல்லி, தாய்வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இன்னும் கூப்பிடல."

பேச்சித்தாய் விறகிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார். திருமேனிநாதனே தொடர்ந்தார்.

"நான் கையெழுத்துப் போடலன்னா என்னத் தூக்கி வேற எங்கயாவது போடுவாங்க. எனக்குப் பதிலா வர்றவரு போட்டுட்டுப் போவாரு. அறிவிப்பு எப்படியும் வரத்தான் போகுது. நான் ஒருத்தன் போடாம இருந்து என்னம்மா ஆகப்போகுது?"

"அந்தப் பொண்ணோட ஊரு எங்க இருக்கு?"

"ரெண்டு பஸ் மாறணும்."

"சோறு வெந்ததும் ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க. வெளையாதது கடைமடை பூராவுக்கும்தான், உன் காலடியில ஒண்ணுமில்ல தாயின்னு அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்துச் சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறமும் கையெழுத்துப் போடக் கை வந்தா, போடுங்க."