பேச்சி கேட்ட புதுப் பொந்து

மலையடிவாரக் காட்டில் மூக்கையன், பேச்சி என்று ஓர் இருவாட்சிப் பறவை ஜோடி இருந்தது. தை பிறந்தால் பேச்சி மரப்பொந்துக்குள் போய், சின்னத் துவாரம் மட்டும் விட்டு வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்வாள். குஞ்சு வளரும்வரை வெளியே வரமாட்டாள். மூக்கையன்தான் காட்டுச் சாதிக்காயைத் தொண்டை நிறைய அடைத்து வந்து ஊட்டுவான். சதையைத் தின்றுவிட்டு, கொட்டையைத் துவாரம் வழியாகத் துப்புவாள் பேச்சி.

அந்தத் தையில் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நான் உள்ள போகமாட்டேன்!"

"ஏன் புள்ள? எங்க தாத்தா காலத்துப் பொந்து இது!"

"போன வருஷம் மூணு மாசம் உள்ள கிடந்தேன். துவாரத்துல தெரிஞ்சது நான் துப்புன கொட்டையில கீழே முளைச்ச கன்னுங்க மட்டும்தான். மாசிக்குள்ள ஓடை வத்திருச்சு. அத்தனையும் கருகிருச்சு. ஒண்ணுகூட மிஞ்சலைய்யா! பழம் தர்ற பெரிய மரங்களும் இப்படிப் பட்டுப்போனா குஞ்சுக்கு என்னத்தை ஊட்டுவ?"

"அதான் பழம் தொங்குதே!"

"இன்னைக்குத் தொங்குது. மேலே, குளிர்ச்சியான இடத்துல பொந்து பாரு. இல்லைன்னா இந்த வருஷம் முட்டையே கிடையாது!"

மூக்கையன் கிளம்பினான். மூன்று நாள் அலைந்து, மூடுபனி இறங்கும் உச்சிச் சரிவில் ஒரு பொந்து பிடித்தான். பழமோ அடிவாரத்தில்! சுமந்து சுமந்து இறக்கை ஓய்ந்தது.

"பொண்டாட்டி சொன்னான்னு பழத்தை மலையேத்துறான் பாரு!" என்று கருமந்தி குதித்துக் குதித்துச் சிரித்தது.

மூக்கையனுக்கு ரோஷம்தான். வாயைத் திறந்தால் பழம் விழுந்துவிடுமே! பேசாமல் பறந்தான்.

வருஷங்கள் போயின. அடிவாரத்தில் வெயில் ஏறிக்கொண்டே வந்தது. ஒரு மாசியில் அங்கே எந்த மரத்திலும் காயில்லை. பொந்துக்குள் குஞ்சு பசியில் கத்தியது. மூக்கையன் காடெல்லாம் தேடிவிட்டு, வெறும் வாயோடு திரும்பினான்.

"பேச்சி... ஒரு பழம்கூட இல்ல."

"கொஞ்சம் குனிஞ்சு பாருய்யா!"

குனிந்தான். பொந்துக்குக் கீழே, இத்தனை வருஷமாய் அவள் துப்பிய கொட்டைகள் தோப்பாய் வளர்ந்து நின்றன. அதுவரை காய்க்காத மரத்தில் முதல் காய் வெடித்து, செக்கச்செவேலென்று தெரிந்தது!

"இன்னைக்குக் காலையிலயே வெடிச்சிருச்சு. நீ பறக்குற பறப்புல எதைப் பார்த்த?"

மூக்கையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குஞ்சுக்கு ஊட்டி நிமிர்ந்தால், வயிறு ஒட்டிப்போய்க் கருமந்தி நின்றது.

"அண்ணே... எனக்கும் ஒண்ணு?"

"சாப்பிடுடா மந்தி! ஆனா கொட்டையை இன்னும் மேலே கொண்டுபோய்த் துப்பு!"

காலம் மாறுவதைக் கண்ட அன்றைக்கே வருங்காலத்துக்கு இடம் தேடுகிறவர் வீட்டில் பசி தங்காது.