திசை சொல்லப்பட்ட தீவு

"அம்மா, என் தீவுக்குத் தோணியைத் திருப்பப் போறாங்க" என்றார் சீடர்.

ஆசிரியை முற்றிய தேங்காய் ஒன்றைக் கீறிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"உங்களுக்கு ஏது அண்ணாச்சி தீவு?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். எனக்குத் தீவு இல்லை. இல்லாத தீவுக்குப் போறாங்க."

பவளத் தீவுகளுக்கிடையே ஆள்களை ஏற்றிச் செல்லும் பாய்த்தோணிகளில் அந்நாளில் கதைசொல்லி ஒருவரும் ஏறுவதுண்டு. அவருக்குக் கட்டணம் இல்லை. வேளைக்குச் சோறு உண்டு. மாலையில் அடுப்பு அணைந்தபின் அவர் ஒரு தீவைச் சொல்வார். கேட்பவர்கள் அங்கே சற்று வாழ்ந்துவிட்டு உறங்கிப்போவார்கள்.

அத்தொழிலில் ஆசிரியை நீலாயதாட்சிக்கு நிகர் இல்லை.

சீடர் வியாகப்பன் அவரைவிட வயதில் மூத்தவர். இதே தோணியில் நெடுங்காலம் சோறு பொங்கியவர். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதை கற்க வந்தவர்.

ஆசிரியை அவருக்கு ஒரே ஒரு விதியை வகுத்திருந்தார். தீவில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம்; பொன்னை வைக்கலாம், பேசும் ஆமையை வைக்கலாம். தீவு எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லக் கூடாது.

சீடர் காரணம் கேட்டிருந்தார்.

ஆசிரியை சொல்லவில்லை.

இந்தப் பயணத்தில் காற்று விழுந்து, தோணி நடுக்கடலில் நின்றுபோயிருந்தது. பீப்பாய்களில் நீர் அடியைத் தொட்டுவிட்டது. ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை என்று தண்டல் அளந்து கொடுத்தார். தண்டல் என்பவர் தோணியின் தலைவர், பெயர் சவரிராயன்.

முந்திய மாலை ஆசிரியைக்குத் தொண்டை கட்டியிருந்தது. அன்றைய கதை சீடரிடம் வந்தது.

"என்ன சொன்னீங்க நேத்து?" என்று கேட்டார் ஆசிரியை.

"ஒரு தீவு. பாறையிலிருந்து ஊத்து வருது. ஊத்துல பாசி. பாசி மேல நத்தை."

"நத்தை நல்லா இருக்கு."

"கைப்பிள்ளைக்காரி செபமாலை கேட்டா, அது எந்தப் பக்கம் இருக்குன்னு."

"நீங்க?"

சீடர் தம் கால்விரல்களைப் பார்த்தார்.

"தென்கிழக்குன்னு சொல்லிட்டேன்."

கத்தி நின்றது.

"ஏன் அண்ணாச்சி?"

"எல்லாரும் என்னையே பார்த்தாங்க அம்மா. நான் சோறு போட்ட காலத்துல ஒருத்தரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை."

விடிந்தபோது காற்று வந்துவிட்டது. வடமேற்கிலிருந்து வந்தது.

மேற்கே, எல்லாரும் அறிந்த தீவு ஒன்று இருந்தது. அதன் கிணற்று நீர் கரிக்கும். ஆயினும் உயிர் காக்கும். அங்கே போக எதிர்க்காற்றில் ஏற வேண்டும். பாய் உதவாது. ஏறியவர்கள் அனைவரும் துடுப்புப் பிடித்தால்தான் தோணி நகரும்.

தென்கிழக்கே போக ஒரு கையும் அசைய வேண்டாம். பாயை விரித்தால் போதும்.

அவ்வழியில் ஒரு பகல் ஓடிவிட்டால், ஏமாந்து திரும்பி ஏறிவர நீர் போதாது. தண்டலுக்கு இது தெரியும். சீடருக்கும் தெரியும்.

"அது கதைன்னு போய்ச் சொல்லுங்க" என்றார் ஆசிரியை.

"காலையிலேயே சொல்லிட்டேன். சிரிக்காங்க."

"சிரிச்சு முடிச்சிருப்பாங்க. இன்னொரு தடவை சொல்லுங்க."

சீடர் போனார்.

பாய்மரத்தடியில் தண்டல் நின்றிருந்தார். அவரைச் சுற்றித் தேங்காய் வெட்டுக்குப் போகும் கூலிக் குடும்பங்கள் நெருக்கியடித்து அமர்ந்திருந்தன. அவர்களுடைய கைகள் மடிமேல் இருந்தன.

"தண்டலே, தென்கிழக்கே ஒண்ணும் கிடையாது" என்றார் சீடர். "அது நானாக் கட்டினது."

பாய்க்கயிற்றைப் பிடித்திருந்த ரோசையா சிரித்தான்.

"நீரு கட்டினதா? உம்ம சோத்தைத் தின்னு வளர்ந்தவன்வே நான். குழம்புல உப்பு விழுந்துச்சா இல்லையான்னு உமக்கே தெரியாது. நீரு நத்தையைக் கட்டுவீரா?"

"சத்தியமாச் சொல்லுதேன். கட்டினேன்."

"ஊத்துக்குள்ள கையை விட்டா முழங்கை வரைக்கும் குளிரும்னு சொன்னீரே. கையை விடாமலா தெரிஞ்சுது?"

"அப்படித்தான் தோணுச்சு."

"முத்து கிடக்கும் அங்க" என்றாள் ஒரு கிழவி. "அதான் மனுசன் இப்போ மாத்திப் பேசுதாரு."

பலர் தலையசைத்தார்கள். சீடர் மறுக்க மறுக்க, அவர்கள் கண்களில் அந்தத் தீவு பெருகிக்கொண்டே போனது.

அவர் தண்டலின் கையைப் பற்றி ஓரமாக இழுத்தார்.

"நீங்களாவது நம்பாதீங்க. இந்தக் கடலை எனக்கு முன்னாலேயே தெரிஞ்சவர் நீங்க."

"எனக்குத் தெரிஞ்சது நான் போன இடம்தான் வியாகப்பா. போகாத இடத்துல தீவு இல்லைன்னு எதை வச்சுச் சொல்ல?"

"மேற்கே போங்க."

"துடுப்பைத் தொட மாட்டோம்னு உட்கார்ந்துட்டாங்க. அத்தனை கையையும் நான் ஒருத்தன் எங்கே தேட?" தண்டல் குரலைத் தாழ்த்தினார். "நேத்து நீ சொல்லும்போது, அந்தத் தண்ணியை நானும் குடிச்சேன்."

சீடர் திரும்பி நடந்தார். வழியில் செபமாலை இருந்தாள். மடியில் பெண்குழந்தை காய்ச்சலில் கிடந்தது. கடல்நீரில் துணியை நனைத்து அதன் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் வாதாடவில்லை. "போய்ச் சேர இருட்டிடுமா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

சீடர் அவளைத் தாண்டி நடந்தார்.

ஆசிரியை தேங்காயைக் கீறி முடித்திருந்தார்.

"அம்மா, நீங்க வந்து சொல்லுங்க. உங்களை நம்புவாங்க."

"சீடன் பேர் வாங்கிட்டான், இவளுக்குப் பொறுக்கலைன்னு சொல்லுவாங்க."

"அப்போ கதையை மாத்திடுதேன். அந்தத் தீவு மூழ்கிப்போச்சுன்னு சொல்லுதேன்."

"சாயங்காலம் இருந்தது, விடியறதுக்குள்ள மூழ்கிடுச்சா?"

சீடர் உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்தார்.

"இப்படிச் செய்யலாம். திசையைத் தப்பாச் சொல்லிட்டேன், ஊத்து இருக்கறது மேற்கேன்னு சொல்லிடுதேன். துடுப்பைப் பிடிச்சிடுவாங்க."

ஆசிரியை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொரு திசையா, அண்ணாச்சி?"



மேலே கப்பி கிறீச்சிட்டது. பாய் ஏறத் தொடங்கியது.

ஆசிரியை எழுந்தார். தம் பங்கு நீர் இருந்த சிரட்டையை எடுத்துக்கொண்டு நேராகத் தண்டலிடம் போனார்.

"சிறுபடகை இறக்குங்க."

"எதுக்கு அம்மா?"

"பழகாத கடல். நீருக்கடியில பாறை இருக்கும். இடம் தெரிஞ்சவர் முன்னாலே போகட்டும். தோணி அவர் பின்னாலே வரட்டும்."

தண்டல் யோசித்தார். அறியாத துறைக்குள் நுழையும்போது அப்படிச் செய்வதுதான் வழக்கம். கூட்டமும் அதையே சொன்னது. ரோசையாவே முன்வந்து படகை அவிழ்த்தான்.

"வாரும்வே, மாப்பிள்ளை ஊர்வலம்" என்றான்.

சீடரின் முகம் வெளுத்தது.

"அம்மா, நான் எங்கே போவேன்?"

"உங்க தீவுக்கு."

"விளையாடாதீங்க."

ஆசிரியை விளையாடவில்லை. படகின் பலகை மேல் சிரட்டையைச் சிந்தாமல் வைத்தார்.

சீடர் இறங்கி, துடுப்புகளுக்கு நடுவே அமர்ந்தார்.

அப்போது செபமாலை குழந்தையோடு தோணி விளிம்பைத் தாண்டிப் படகில் இறங்கினாள்.

"நீ எதுக்குத் தாயி? ஏறு மேலே" என்றார் சீடர்.

"முதல்ல போய்ச் சேருறது இந்தப் படகுதானே. இவளுக்கு முதல்ல தண்ணி கிடைக்கட்டும்."

"வேண்டாம்."

"நான் பாரமா இருக்க மாட்டேன் அண்ணே."

அவள் பின்பலகையில் அவருக்கு எதிரே அமர்ந்துவிட்டாள்.

சீடர் மேலே நோக்கினார். அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. அவளைக் கூப்பிடுங்கள் என்று அவை கெஞ்சின.

ஆசிரியை படகின் கயிற்றை அவிழ்த்தார். அதன் நுனியைச் சீடரின் மடியில் போட்டார்.

படகு விலகியது.

தோணியின் விளிம்பு முழுவதும் முகங்கள். பாய் பாதி உயரத்தில் நின்று காத்திருந்தது.

துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் அமர வேண்டும். தென்கிழக்கு சீடரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. செபமாலை அவர் தோளுக்கு மேலாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வலித்தார். அத்தனை கண்களுக்கும் அஞ்சி வலித்தார். காற்று படகைப் பின்னிருந்து தள்ளிக் கொடுத்தது. படகு மிக எளிதாகப் போனது. அந்த எளிமைக்கு அவர் இன்னும் அஞ்சினார்.

செபமாலை சிரட்டையைக் குழந்தையின் வாயில் சாய்த்தாள். மிச்சம் வைக்கவில்லை. அதுதான் போய்ச் சேரப் போகிறோமே.

குழந்தையின் உதடுகளில் உப்புப் பூத்திருந்தது.

"அண்ணே."

"சொல்லு."

"அந்த ஊத்துத் தண்ணி முழங்கை வரைக்கும் குளிரும்னு சொன்னீங்களே. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஒத்துக்கிடுமா?"

சீடரின் கைகள் நின்றன.

அலை ஒன்று படகைத் தூக்கி இறக்கியது.

குளிர் விட்டதும் கொடு என்று அவருக்குச் சொல்லத் தெரியும். வெயிலில் கிடந்த பாறைக்குழி ஒன்றைக் காட்டி, அதில் தேங்கியது வெதுவெதுப்பாக இருக்கும், அதைக் கொடு என்று சொல்லவும் தெரியும். அந்தக் குழி அவர் கண்முன் வந்தும் விட்டது. அதன் ஓரத்தில் நண்டு ஒன்று ஓடியது.

அவர் வாயைத் திறந்தார்.

மூடினார்.

இடத் துடுப்பை நீரிலிருந்து தூக்கினார். வலத் துடுப்பை மட்டும் வலித்தார். மீண்டும் வலித்தார். படகின் முகம் திரும்பியது. செபமாலையின் கண்முன்னால் கடல் சுழன்றது; தோணி குறுக்கே நகர்ந்து மறுபக்கம் போனது.

"தென்கிழக்கு அந்தப் பக்கம்வே" என்று ரோசையா கத்தினான்.

சீடர் இரு துடுப்புகளையும் சேர்த்து வலித்தார். மேற்கிலிருந்து நீர்த்துளிகள் அவர் முதுகில் அறைந்தன. ஒரு முறை வலித்தால் ஒரு முழம்கூடப் படகு நகரவில்லை.

"யோவ், வழி மறந்துபோச்சா?"

அவர் விடாமல் வலித்தார். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. பற்களைக் கடித்திருந்தார். அழுதுகொண்டும் இருந்தார், ஆனால் அதை அவர் அறியவில்லை.

தோணியில் கூச்சல் எழுந்தது, பிறகு குறைந்தது, பிறகு இல்லை.

செபமாலை அவர் முகத்தையே பார்த்தாள். நேற்று மாலை முழுவதும் பார்த்த முகம்தான். இன்றுதான் பார்ப்பவள்போல் நெடுநேரம் பார்த்தாள்.

காலியான சிரட்டை அவள் காலடியில் உருண்டது.

அவள் எழுந்தாள். முந்தானையை விரித்துக் குழந்தையை முதுகோடு இறுகக் கட்டினாள். தடுமாறி நடந்துவந்து, சீடரின் பக்கத்தில், அவரைப்போலவே மேற்குக்கு முதுகைக் காட்டி, பலகையில் நெருக்கிக்கொண்டு அமர்ந்தாள்.

"தள்ளி உட்காருங்க" என்றாள். "ஒரு துடுப்பை இங்க தாங்க."

தோணியில் முதல் துடுப்பு நீரைத் தொடும் ஓசை கேட்டது.