கொட்டிலாமடுவுக்குப் போனில் வந்த காசு

கொட்டிலாமடுவில் அறிவுக்குப் பஞ்சம் என்று பக்கத்து ஊர்க்காரர் சொல்வது அபாண்டம். அந்த வருஷம் அங்கே பஞ்சப்பட்டவை அரிசி, கோதுமை மா, மண்ணெண்ணெய். அறிவை யாரும் எடுத்துச் செலவழிக்காததால் அது அப்படியே இருந்தது.

எல்லாச் சாமானும் ஆனைவிலை குதிரைவிலை விற்ற காலம். அன்னப்பூரணத்தின் வீட்டில் ஒரு கிழமையாய் அவித்த மரவள்ளிதான். சின்ன மகள் கிழங்கைக் கண்டாலே அழத் தொடங்கியிருந்தாள். அப்போதுதான் உதவித் திட்டத்து மிஸ் வந்து, அவளுக்கும் பக்கத்து வீட்டுக் கதிரிப்பிள்ளைக்கும் எதிர்வீட்டு நல்லதம்பிக்கும் ஆளுக்குப் பதினையாயிரம் ரூபாய் வரும் என்றாள். மூன்று வீட்டுக்கும் சேர்த்து இருந்தது அன்னப்பூரணத்தின் போன் ஒன்றுதான்.

"காசு இந்தப் போனுக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள எடுக்காட்டித் திரும்பிப் போயிடும்," என்றாள் மிஸ். அன்னப்பூரணத்தைக் கொண்டு ரகசிய இலக்கம் ஒன்றையும் தெரிவு செய்வித்துவிட்டுப் போனாள்.

மூவரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"நாப்பத்தையாயிரம். ஐயாயிரம் தாளா வந்தாலும் ஒன்பது தாள். இதுக்குள்ள எங்க இடம்?" என்றார் கதிரிப்பிள்ளை. அவர் ஏழாம் வகுப்புவரை படித்தவர். ஊரில் ஒரு சிக்கலை உண்டாக்க அவரை விட்டால் ஆளில்லை.

அன்னப்பூரணம் போனின் பின்மூடியைக் கழற்றினாள்.

"பாத்தியே பிள்ளை, காசு வாற இடத்தில பற்றரி படுத்துக் கிடக்கு," என்றார் நல்லதம்பி.

பற்றரியை எடுத்துச் சுவாமிப் படத்தடியில் வைத்தார்கள். அன்றிலிருந்து அன்னப்பூரணம் விடியும் முன்னம் மூடியைத் திறந்து பார்ப்பாள். காசு வரவில்லை. "தாள் பாரமெல்லே, மெல்ல மெல்லத்தான் வரும்," என்று நல்லதம்பி ஆறுதல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மிஸ் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "எத்தினை தரம் எடுத்தன். ஏன் போன் ஓஃப்பில கிடக்கு?"

"காசுக்கு இடம் விட்டு வச்சிருக்கிறம் மிஸ்," என்றாள் அன்னப்பூரணம் பணிவாக.

மிஸ் சுவாமிப் படத்தடியில் கிடந்த பற்றரியைத் தேடி எடுத்தாள். அதைப் போனில் போட்டாள். போன் கிணுங்கியது, நாற்பத்தையாயிரம் வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. "உடன சந்திக்கடைக்குப் போங்கோ அக்கா. அங்க உங்கட ரகசிய இலக்கத்தைப் போனில அமத்தினாக் காசு தருவினம். அதை ஒருத்தரும் பாக்கக் கூடாது."

கடையில் அன்னப்பூரணம் முதலில் கதிரிப்பிள்ளையையும் நல்லதம்பியையும் வெளியே அனுப்பினாள். பிறகு பாண் வாங்க வந்தவர்களை. அதற்குப் பிறகு கடைக்காரப் பரஞ்சோதியை.

"அக்கா, இது என்ரை கடை."

"ஆரின்ரை கடையெண்டாலும் சட்டம் சட்டந்தான் தம்பி."

கலண்டரில் இருந்த பிள்ளையாரைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அவர் யாருக்கும் சொல்லமாட்டார்தான், என்றாலும் பார்ப்பார். எல்லாம் சரி என்று போனில் விரலை வைத்தபோது, தானும் பார்க்கக் கூடாத ஒருத்திதானே என்ற எண்ணம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அமத்தினாள். பிழை. மறுபடியும் அமத்தினாள். மறுபடியும் பிழை என்று போன் கீச்சிட்டது.

"மூண்டாந்தரமும் பிழைச்சாப் பூட்டிப்போடும் அக்கா," என்று பரஞ்சோதி வெளியே நின்று கெஞ்சினான்.

நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம். கிழங்கைப் பார்த்து அழும் மகளின் முகம் நினைவில் வந்தது. அந்தப் பிள்ளைக்காகத்தான் அவள் ஒரு கண்ணைத் திறந்து சரியாக அமத்தினாள். ஒரு கண் என்றால் அரைக் குற்றந்தான்.

பரஞ்சோதி ஒன்பது தாள்களையும் எண்ணிக் கொடுத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் போன் மறுபடி கிணுங்கியது. கதிரிப்பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்தார். "உங்கள் கணக்கில் மீதி, பூச்சியம்."

நல்லதம்பி போனை வாங்கி உலுப்பிப் பார்த்தார்.

"இப்பத்தானே நாப்பத்தையாயிரம் கிடந்தது," என்றார்.

"ஆரோ அடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள் பிள்ளை," என்றார் கதிரிப்பிள்ளை.

மா வாங்குவதை அப்படியே போட்டுவிட்டுப் பொலிசுக்கு ஓடினார்கள்.

"எவ்வளவு காசு போச்சு?" என்று கேட்டார் சார்ஜன்ட்.

"இவ்வளவு ஐயா," என்று அன்னப்பூரணம் ஒன்பது தாள்களையும் மேசையில் பரப்பிக் காட்டினாள்.

"அப்ப இது என்ன?"

"இது எங்கட காசு. களவுபோனது போனுக்குள்ள கிடந்த காசு."

சார்ஜன்ட் நல்ல மனுஷன். அரைமணி நேரம் விளங்கப்படுத்தினார். படம்கூடக் கீறிக் காட்டினார். மூவரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் கள்ளனை எப்போது பிடிப்பீர்கள் என்று கேட்டார்கள். கடைசியில் அவர் களைத்துப்போய் அந்தத் தாள்களை அள்ளி அன்னப்பூரணத்தின் கையில் வைத்தார்.

"சரி அக்கா, கள்ளனைப் பிடிச்சாச்சு. இந்தாங்கோ களவுபோன காசு. கடை பூட்ட முதல் போய்ச் சாமானை வாங்குங்கோ."

அவள் தாள்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூவரும் வாசல்வரை போனார்கள். அங்கே கதிரிப்பிள்ளை நின்று, விரல்விட்டு எதையோ கூட்டிப் பார்த்து, அவளுடைய காதில் சொன்னார். அன்னப்பூரணம் திரும்பி வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் என்னக்கா?"

"களவுபோனதை எடுத்துத் தந்தீங்கள் ஐயா, நீங்கள் நல்லா இருக்கோணும்," என்றாள் அவள். "இனி, நாங்கள் கொண்டுவந்து மேசையில வச்ச காசையும் தந்தீங்களெண்டாப் போயிடுவம்."