ராயப்பன் போட்ட காபி

தூத்துக்குடியில் ராயப்பன் என்று ஒரு கார் ஏசி மெக்கானிக் இருந்தான். ஊரார் காரையெல்லாம் குளிரவைக்கிற அந்த மனுஷனுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அதைத் தானே சொல்லிச் சிரிப்பான்.

அவன் கடை இருந்த கட்டடம் உப்பள முதலாளி தங்கத்துரை அண்ணாச்சியுடையது. ஒருநாள் அவர் தன் பழைய அம்பாசிடரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"லேய், இதோட ஏசிக்குப் பழைய கேஸ் இப்பக் கிடைக்காதாம். புது கேஸ் அடி. ஆனா உள்ள இருக்கிற எண்ணெயைத் தொடாதே, குழாயைக் கழுவாதே. எல்லாம் எங்கய்யா காலத்துச் சரக்கு. நாளைக்கு மருமகன் வாராரு. கார் குளிரலைன்னா கடையைக் காலி பண்ணிரு."

பழைய எண்ணெயோடு புது கேஸ் சேராது, கம்ப்ரசர் இறுகிப்போகும் என்று ராயப்பன் எத்தனை சொல்லியும் அவர் கேட்கவில்லை. "நீ பெரிய இன்ஜினியரோ?" என்றார்.

"நானா? ஆறாம் வகுப்பையே ரெண்டு தடவை படிச்சவன் அண்ணாச்சி. இருங்க, காபி குடிச்சிட்டுப் பேசுவோம்" என்ற ராயப்பன், மாதாவை வேண்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தான்.

காபி வந்தது. அண்ணாச்சி ஒரு வாய் குடித்ததும் துப்பினார். "பால் திரிஞ்சு கெடக்குலே!"

"நல்ல புதுப் பால்தான் அண்ணாச்சி. நேத்துப் புளிக்குழம்பு வச்ச சட்டியில காய்ச்சினேன். எங்கம்மா காலத்துச் சட்டி, அதான் கழுவலை."

அண்ணாச்சி சட்டியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "குழாயைக் கழுவு, எண்ணெயையும் மாத்தித் தொலை" என்றார்.

மறுநாள் கார் மார்கழி மாதிரி குளிர்ந்தது. "குழாயைக் கழுவச் சொல்லி நான்தான் இவனுக்குப் புத்தி சொன்னேன்" என்று மருமகனிடம் அண்ணாச்சி அளந்தார்.

"ஆமா சார்," என்றான் ராயப்பன், "எனக்குச் சட்டியே கழுவத் தெரியாது."